தென்கிழக்கைக் காட்டும் அம்பு

மே 3, ஞாயிறு

ஜெயமேரி டீச்சருக்கு, முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் கோடு போட்ட நோட்டுதான் கொடுத்தீர்கள். நான்தான் கோட்டில் நிற்கவில்லை. முப்பத்தெட்டு வருடம் லாரி ஓட்டிய கை. பேனாவைப் பிடித்தாலும் வளைவைத் தேடிப் போகிறது. 'ண' எழுதும்போது மட்டும் சுகமாக இருக்கிறது, கொண்டை ஊசி வளைவில் இறங்குகிற மாதிரி. இந்தப் பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

இன்று ராத்திரி விமானம். போகிற நாடு ஜார்ஜியா, ஊர் திபிலிசி. நான், மகன் தனபால், மருமகள் கோகிலா. எட்டு நாள். எனக்கு எதற்கு இந்த வயதில் வெளிநாடு என்று கேட்டேன். "நீங்களும் ஒரு தடவை பார்த்துட வேண்டாமா மாமா?" என்றாள் கோகிலா. எதிர் வீட்டுக்காரர் எனக்கு யோகம் என்றார்.

உங்கள் வகுப்புக்கு வருவதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஜூனில் தனபால் பிறந்தநாள். அன்று காலை நாளிதழை எடுத்து முதல் பக்கத்தைத் தடங்கலில்லாமல் வாசித்துக் காட்ட வேண்டும். அதுவரை ரகசியம். வகுப்பு நீண்டு தாமதமாகப் போன மூன்று தடவையும் "வழி தவறிப் போச்சு கண்ணு" என்று சொல்லிவைத்தேன். நம்பிவிட்டார்கள். கௌஹாத்தி வரை பலகை படிக்காமல் சரக்கு கொண்டுபோய்ச் சேர்த்தவன் வேளச்சேரியில் வழி தவறினான் என்றால் நம்புகிறார்கள். நல்ல பிள்ளைகள்.

மே 4, திங்கள்

வந்து சேர்ந்தோம். நோட்டைச் சட்டைக்கு அடியில் செருகி வந்தேன். பாடப் புத்தகத்தை மறந்துவிட்டேன்.

தனபால் ஒரு கருவி வாங்கியிருக்கிறான். ஜிபிஎஸ். போலீஸ்காரர் வைத்திருக்கும் வாக்கி டாக்கி போல இருக்கிறது. தலையில் குட்டையாக ஒரு கொம்பு. போகவேண்டிய இடத்தைச் சொன்னால் அம்பு போட்டு வழி காட்டும், எத்தனை தூரம் என்று எண் காட்டும்.

"போன்லயே மேப் இருக்குதேங்க" என்றாள் கோகிலா.

"போன்ல டவர் போச்சுன்னா எல்லாம் போச்சு. இது நேரா சாட்டிலைட்டு. மலையேறுறவன் எல்லாம் இதத்தான் வெச்சிருக்கான்."

நாங்கள் மலையேறப் போகிறோமா என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வேளச்சேரியில் நான்கு நாள் ஒத்திகை பார்த்தான். மொட்டை மாடியில் நின்று வீட்டுப் படம் போட்ட பொத்தானை அமுக்குவான். அம்பு வீட்டைக் காட்டும். தெருமுனையில் நின்று அமுக்குவான். அப்போதும் வீட்டைக் காட்டும். "பாத்தீங்களா, தப்பவே மாட்டேங்குது" என்பான். அவன் பிறந்ததிலிருந்து எதையும் இவ்வளவு நம்பி நான் பார்த்ததில்லை.

கருவிக்கு ஒரு தோல் உறை. அதைச் சுமக்கும் வேலை எனக்கு. உறைக்குள் அடியில், கருவி ஆடாமலிருக்க, நாலாக மடித்த வழவழக் காகிதம் ஒன்று. எடுத்துப் பார்த்தேன். தமிழ்! டீச்சர், அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து நம் எழுத்தைப் பார்ப்பது. பாத்ரூமில் உட்கார்ந்து முதல் வரியைப் படித்து முடித்தேன். 'இயற்கையின் மடியில் இளைப்பாறுங்கள்.' தினம் இரண்டு மூன்று வரி என்று வைத்துக்கொண்டால் எட்டு நாளைக்கு வரும்.

இன்னொரு சங்கதி. இந்த ஊர் எழுத்து உருண்டை உருண்டையாக, நம் எழுத்துக்குத் தூரத்துச் சொந்தம் போல இருக்கிறது. பெரிய தெருவில் இங்கிலீஷும் போட்டிருக்கிறார்கள். சந்துக்குள் போனால் கிடையாது. ஒரு சந்தில் பலகையைப் பார்த்துத் தனபால் ஒரு முழி முழித்தான். எனக்கு அந்த முழியைத் தெரியும். ஐம்பது வருடம் அது என் முகத்தில்தான் இருந்தது.

மே 5, செவ்வாய்

சைவச் சாப்பாட்டுக் கடை ஒன்றைச் சென்னையிலேயே கருவியில் ஏற்றி வந்திருந்தான். அதைத் தேடிப் புறப்பட்டோம். கருவியைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துத்தான் பார்க்கிறான். வெள்ளெழுத்துக் கண்ணாடி கோகிலா பையில் இருக்கிறது. போடமாட்டான். நாற்பத்தெட்டு வயதில் கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டது தெரிந்துவிடுமாம்.

"எழுபது மீட்டர்" என்று நின்றான். எதிரே செங்குத்தான பாறை. வலப்பக்கம் போனோம், தொண்ணூறு. இடப்பக்கம் போனோம், எண்பது. திரும்ப வந்தோம், எழுபது. இப்படி முக்கால் மணி நேரம். அம்பு பாறையைப் பார்த்தபடியே நின்றது.

பாறையை ஒட்டி நின்ற கட்டடத்துக்குப் பக்கவாட்டிலிருந்து ஓர் அம்மாள் இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு வந்தார். கனமான பையோடு ஒருவர் மேலிருந்து வருகிறார் என்றால் மேலே கடை இருக்கிறது, இறங்கப் படியும் இருக்கிறது.

"கண்ணு, அது தலைக்கு மேல இருக்குதோ என்னமோ. அந்தம்மா வந்த பக்கம் படி..."

"அப்பா, கொஞ்சம் பேசாம இருங்க. சாட்டிலைட்டு புடிக்குது."

சாட்டிலைட் பிடித்து முடித்தபோது கடை மூடியிருந்தது. பிஸ்கட் சாப்பிட்டு டாக்ஸியில் திரும்பினோம்.

இன்று படித்தது: 'பொன்மாலைக் குடில். கோவையிலிருந்து முப்பது நிமிடம். உப்பு, காரம் குறைந்த உணவு. இரவு எட்டு மணிக்கு விளக்கணைப்பு.' அடுத்த சுற்றுலா இங்கேதான் போலிருக்கிறது. கோகிலா எட்டு மணிக்குத் தூங்குகிறவள் இல்லை. ஊறுகாய் இல்லாமல் சாப்பிடுகிறவளும் இல்லை. என்ன செய்வாளோ.

மே 6, புதன்

அவர்கள் எழுந்திருக்க ஒன்பது ஆகிறது. ஐந்தரைக்கே நான் ஒரு நடை போய் வந்துவிடுகிறேன். லாரிக்காரன் வழக்கம்தான்: ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பது. போகும்போது பார்க்கிற தெரு வேறு, வரும்போது பார்க்கிற தெரு வேறு. படிக்கத் தெரியாதவன் இரண்டையும் பார்த்துவைக்க வேண்டும்.

விடுதிக்குக் கீழே வெந்நீர் ஊற்றுக் குளியலறைகள் இருக்கின்றன. கவிழ்த்த சட்டி போலச் செங்கல் கூரை. கந்தக வாடை அடிக்கிறது. சாத்தூரைத் தாண்டினால் தீப்பெட்டி ஆலைப் பக்கம் அடிக்குமே, அதே வாடை. கண்ணை மூடினால் கிளீனர் பையனைக் கூப்பிடத் தோன்றுகிறது. அதற்கு மேலே ஒரு ரொட்டிக் கடை. தரையில் பதித்த தாழி போன்ற அடுப்பு, அதன் உள்சுவரில் மாவை அறைந்து ஒட்டுகிறார் ஒரு குண்டு அம்மாள். ரொட்டி தோணி மாதிரி வருகிறது. கடை வாசலில் ஒரு பழுப்பு நாய், காதில் மஞ்சள் வில்லை. ஊசி போட்ட நாய்க்கு அடையாளமாம். நாய்க்குக்கூட இந்த ஊரில் பத்திரம் இருக்கிறது. 'மத்லோபா' என்றால் நன்றி. சொன்னேன். அந்த அம்மாள் ஒரு துண்டு ரொட்டி அதிகமாகக் கொடுத்தார்.

படித்தது: 'வாசலைத் தாண்ட முன் அனுமதி பெற வேண்டும். உறவினர் மாதம் ஒரு முறை சந்திக்கலாம்.' விடுதிக்கு இது கொஞ்சம் அதிகம்.

மே 7, வியாழன்

மழை. காகிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பினேன். இன்று இவ்வளவுதான்.

மே 8, வெள்ளி

பின்பக்கம் ஒரு விண்ணப்பம். அச்சில் கேள்விகள், கோகிலாவின் பேனாவில் பதில்கள். குண்டு குண்டான எழுத்து, படிக்கச் சுலபம். உங்கள் எழுத்தைவிடச் சுலபம் என்றால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

பெயர்: நாசசிமுத்து. வயது: 73.
எழுதப் படிக்கத் தெரியுமா? தெரியாது.
பார்வைக் குறைபாடு உண்டா? உண்டு.
துணையின்றி வெளியே சென்றுவர இயலுமா? இயலாது.
வழி மறதி உண்டா? உண்டு, மூன்று முறை.
பிறர் சொல்வதைக் கேட்பாரா? கேட்கமாட்டார்.

கடைசியில் ஒரு கட்டம்: விண்ணப்பதாரர் கையொப்பம் அல்லது இடது பெருவிரல் ரேகை.

என் பெயரை இன்னொருவர் எழுதி நான் படித்தது இதுதான் முதல் தடவை. 'ச்' மேல் புள்ளி விட்டுப்போயிருந்தது. வைத்துவிட்டேன்.

பார்வை எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

காலையில் அருங்காட்சியகம் போனோம். கூட்டமில்லை. தனபால் என்னிடம் இரண்டு தடவை "கால் வலிக்குதாப்பா?" என்று கேட்டான். மத்தியானம் எனக்குப் பிடிக்குமென்று தயிர் தேடி அலைந்து வாங்கி வந்தான். கெட்டியான தயிர். நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஏதோ மனசு சரியில்லை.

மே 9, சனி

இன்று நடந்ததை முழுக்க எழுத வேண்டும். கை வலித்தாலும் பரவாயில்லை.

பாலத்தின் பக்கத்தில் பழைய சாமான் சந்தை. வேண்டுமென்றே தனபால் போனை அறையில் வைத்துவிட்டு வந்தான். இன்று கருவி மட்டும்தான் என்றான். கோகிலாவின் போன் படம் எடுத்து எடுத்து மூன்று மணிக்கே அணைந்துவிட்டது. நான்கு மணிக்குத் திரும்பலாம் என்று வீட்டுப் படத்தை அமுக்கினான்.

"நாலாயிரத்து அறுநூத்தி அம்பது. நாலரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. நடந்துரலாம்."

"வரும்போது இவ்வளவு தூரம் இல்லையேங்க?" என்றாள் கோகிலா.

"வரும்போது இறக்கம். அதான் தெரியல."

நடந்தோம். இருபது நிமிடத்தில் ரொட்டிக் கடை வந்தது. பழுப்பு நாய் என்னைப் பார்த்து எழுந்து வாலாட்டியது. அடுத்த முடுக்கில் திரும்பினால் எங்கள் விடுதி.

"கண்ணு, நம்ம தெரு இதானே?"

"இல்லப்பா, இன்னும் நாலாயிரத்து அறுநூத்தி நாப்பத்தொம்பது இருக்கு."

"ஒண்ணுதான் குறைஞ்சிருக்குதா?"

"குறையுதா இல்லியா? அதப் பாருங்க."

"இந்த நாய்..."

"ஊரெல்லாம் நாய்தான் மாமா, பேசாம வாங்க" என்றாள் கோகிலா. அவளுக்குக் கால் வலி. நாய் கொஞ்ச தூரம் கூடவே வந்தது. பிறகு, எங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தது போல நின்றுவிட்டது.

ஆற்றோரமாக நடந்தோம். ஆறு போகிற பக்கமே அம்பும். நான் ஒன்று கவனித்தேன். அவன் எப்படித் திரும்பினாலும் அம்பு தென்கிழக்கையே காட்டியது. வெயில் வலது முதுகில் அடித்தது, அதை வைத்துச் சொல்கிறேன். பாறைக்கு முன்னால் நின்றபோது இப்படி இல்லை, நாங்கள் நகர நகர அம்பும் நகர்ந்தது. பக்கத்தில் இருப்பது நகரும். மிகத் தூரத்தில் இருப்பதுதான், நிலாவைப் போல, எங்கே போனாலும் ஒரே பக்கத்தில் நிற்கும்.

கடைகள் குறைந்தன. லாரி ஷெட்டுகள் வந்தன. எனக்கு நன்றாகத்தான் இருந்தது, டீசல் வாடை. கோகிலா ஒரு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"எவ்வளவுங்க இருக்குது?"

"நாலாயிரத்து அறுநூத்தி நாப்பத்தஞ்சு."

"ஒன்றரை மணி நேரமா நடக்கறமே!"

"ஸ்லோவா குறையுது கோகி. ஆனா கன்சிஸ்டென்ட்டா குறையுது."

"கண்ணாடி போட்டுப் பாரு கண்ணு" என்றேன்.

"எனக்கெதுக்குக் கண்ணாடி?"

கோகிலா பையிலிருந்து எடுத்து அவன் மூக்கில் அவளே மாட்டினாள். பார்த்தான். எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு பொடி எழுத்து. நெடுநேரம் பார்த்தான்.

"கிலோமீட்டர்" என்றான்.

"எது?"

"நாலாயிரத்து அறுநூத்தி நாப்பத்தஞ்சு கிலோமீட்டர். வீடுன்னு நான் வேளச்சேரியில போட்டு வெச்சது அப்படியே இருக்குது."

கோகிலா அவனைப் பார்த்தாள். "அப்ப நாம மெட்ராசுக்கு நடந்துட்டு இருக்கறமா?"

"அஞ்சு கிலோமீட்டர் முடிச்சிருக்கறம் அம்மிணி" என்றேன், ஆறுதலுக்கு.

"அந்த வாக்கி டாக்கிய ஆத்துல வீசுங்க" என்றாள்.

கருவியைக் குறை சொல்லக் கூடாது. வீட்டைக் காட்டு என்றான், வீட்டைக் காட்டியது. அவ்வளவு தூரத்திலிருந்தும் நேராக நம் வாசலைக் காட்டியது. எனக்கு அதன் மேல் கோபமில்லை.

விடுதிப் பெயர் என்ன என்று கேட்டேன். இருவருக்கும் தெரியவில்லை. அட்டை அறையில் இருக்கிறதாம். பெயர் அந்த உருண்டை எழுத்தில் இருப்பதால் மனதில் நிற்கவில்லையாம். எம்.பி.ஏ., பி.டெக். இரண்டும் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தன.

நான் எழுந்து நடந்தேன். ஆறு வந்த பக்கமே நடந்தால் ஊர். ஒரு மணி நேரத்தில் சாத்தூர் வாடை வந்தது. வாடை வந்த பக்கம் செங்கல் கூரைகள். அதற்கு மேலே குண்டு அம்மாள், மூன்று துண்டு ரொட்டி. நாய், எங்களை மன்னித்து, விடுதி வாசல் வரை முன்னால் போனது.

படியேறும்போது கோகிலா கேட்டாள். "உங்களுக்குத்தான் வழி மறந்து போகுமே மாமா?"

"மறந்து போகும் அம்மிணி. வேளச்சேரியில மட்டும்."

மே 10, ஞாயிறு, காலை

இருவரும் தூங்குகிறார்கள். தனபாலுக்குக் காலில் கொப்புளம்.

விண்ணப்பத்தை இன்னொரு தடவை முழுக்க வாசித்தேன். பொய்யான தகவல் கொடுத்தால் நிராகரிக்கப்படும் என்று கீழே பொடி எழுத்தில் இருக்கிறது. பிள்ளைகள் சிக்கலில் மாட்டக் கூடாது. இந்த ஒரு வாரம் நான் கண்ணால் பார்த்ததை வைத்துத் திருத்தினேன். அதிகமில்லை. பெயரை அடித்து 'தனபால்' என்று எழுதினேன். 73ஐ அடித்து 48. மற்ற பதில்களைத் தொடவே தேவைப்படவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது, இந்த ஊரைப் பொறுத்தவரை உண்மை. பார்வைக் குறைபாடு உண்டு. துணையின்றி வெளியே சென்றுவர இயலாது. பிறர் சொல்வதைக் கேட்கமாட்டார். கோகிலா எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள், ஆள் பெயரில்தான் தவறு.

'பா' கொஞ்சம் சாய்ந்துவிட்டது. மடித்து உறைக்குள் வைத்துவிட்டேன்.

மே 10, சாயங்காலம்

இந்தப் பக்கத்தில் இருக்கும் கறுப்புக் கறைக்கும் மன்னிக்க வேண்டும். அது கண்மை. எப்படி வந்ததென்று சொல்கிறேன்.

நாளைக் காலை விமானம். பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். தனபால் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "அப்பா, பேங்க் பேப்பர் ஒண்ணு. கைநாட்டு வெச்சீங்கன்னா போட்டோ புடிச்சு இப்பவே அனுப்பிருவேன். இன்னைக்குத்தான் கடைசி நாளாம்."

"இங்க் பேடு இல்லியேங்க" என்றாள் கோகிலா. கொஞ்ச நேரம் தேடிவிட்டுக் கண்மை டப்பாவை எடுத்தாள். எனக்கு மை தடவவில்லை, அவனிடமே கொடுத்துவிட்டாள்.

அவன் நான்காம் வகுப்பு படித்த நாளிலிருந்து என் கட்டைவிரலைப் பிடித்து அழுத்துவது அவன்தான், டீச்சர். ரேஷன் அட்டை, லாரி பேப்பர், அவன் காலேஜ் பாரம், அவன் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று. "லேசா வைங்கப்பா, நான் அமுக்கறேன்" என்பான். இன்றும் அதையே சொன்னான். விரலுக்கு மை தடவினான். ஒரு கையில் என் விரலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தோல் உறைக்குள் இருந்த காகிதத்தை எடுத்து விரித்தான்.

விரித்தவன் நின்றுவிட்டான். கண்ணாடி வேண்டுமென்று கையை நீட்டினான். கோகிலா கொடுத்தாள். போட்டுக்கொண்டான்.

விரலை விடவில்லை. அது கறுப்பாகக் காத்திருந்தது.

"இது யாரு எழுத்து?"

"என்னதே கண்ணு. கோணலாத்தான் இருக்கும். மன்னிச்சுக்க."

கோகிலா அவன் தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு அது சிரிப்பாக இல்லை.

"பேங்க் பேப்பர்னு சொன்னேன்..." என்றான் தனபால்.

"சொன்னே கண்ணு."

"எப்ப இருந்துப்பா படிக்கறீங்க?"

"வழி தவறின நாள்ல இருந்து."

அவனுக்குக் கணக்கு நன்றாக வரும். மூன்று தடவை என்பதை அவன் கணக்குப் போட்டதை முகத்தில் பார்த்தேன். அதற்கப்புறம்தான் விரலை விட்டான். தண்ணீரில் துடைக்க வந்தான். வேண்டாம், நானே கழுவிக்கொள்கிறேன் என்றேன். சரியாகக் கழுவவில்லை. அதுதான் கறை.

மே 12, செவ்வாய், வேளச்சேரி

விமான நிலையத்தில் இறங்கியதும் கருவியின் எண் பத்துக்குள் வந்துவிட்டது. பெட்டிக்குள் கிடக்கிறது. அதற்கு இனி வேலையில்லை.

ஜூன் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் இன்று காலை நாளிதழை வாசித்துக் காட்டினேன். பாதிப் பக்கம் வந்தேன். 'மேற்கு மண்டல' என்ற இடத்தில் தடுக்கியது. தனபால் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தான். கோகிலா அவன் காலை மிதித்தாள். நானே படித்துவிட்டேன். அவன் கண்ணாடி போட்டிருந்தான்.

அந்த விண்ணப்பத்தை யாரும் கிழிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில், உப்பு ஜாடிக்கு அடியில், வந்ததிலிருந்து இருக்கிறது. போகும்போதும் வரும்போதும் தனபால் அதைப் பார்க்கிறான். கையொப்பம் போடும் கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது. அவனுக்கு அங்கே போக மனமில்லை போலிருக்கிறது. நானும் வற்புறுத்தவில்லை. எட்டு மணிக்கு விளக்கணைத்தால் யாருக்குத்தான் மனம் வரும்?

வியாழக்கிழமை வகுப்புக்கு வருகிறேன். கொண்டுவந்து விடட்டுமா என்று தனபால் கேட்டான். வேண்டாம், அப்புறம் உன்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டுபோய் விட யாராவது வேண்டும் என்றேன். நோட்டில் இன்னும் பதினோரு பக்கம் மிச்சம் இருக்கிறது. வருகிற வாரம் உட்கார்ந்து அந்தப் பக்கங்களிலும் எழுதுவேன். அதற்குள் 'பா'வை நிமிர்த்திவிடுவேன்.